தண்டைக் கழித்த கை

குன்னத்துகால் சந்திப்பில் இறங்கி ரத்னபாயின் வீட்டுக்கு வழி கேட்டால், "எந்த ரத்னபாய்? புல்லாபீஸ் ரத்னமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆம் என்றதும் ரப்பர்த் தோட்டத்தின் ஓரமாக இறங்கும் செம்மண் பாதையைக் காட்டுவார்கள். அந்தப் பெயரில் கொஞ்சம் கேலி உண்டு. மாடு தின்கிற புல்லுக்கு ஓர் ஆபீஸ், அதில் படித்தவர்கள் உட்கார்ந்து புல்லைத் தராசில் வைத்து நிறுக்கிறார்கள் என்பது ஊருக்கு இன்றைக்கும் சிரிப்புதான். ரத்னபாய் அங்கே வேலை செய்வது நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் அவளை விடவில்லை.

கேரள எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள் இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவள் அவள். பத்தொன்பது வயதில் ரப்பர் வெட்டுகிற நேசையனுக்கு மனைவியாக இங்கே வந்தாள். இரண்டு முறை வயிற்றில் பிள்ளை தங்கியது. இரண்டு முறையும் உலகத்தைப் பார்க்காமலே போனது. மூன்றாவதாக ஒன்று வரவே இல்லை. அந்த வெறுமையை அவள் மாடுகளைக் கொண்டு நிரப்பினாள். இருபத்தாறு வருஷம், ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பசுக்கள். கடைசிப் பசு மடிநோய் வந்து, காய்ச்சலில் துடித்து, அவள் மடியில் தலையை வைத்துச் செத்தது. அதற்குப் பிறகு அவள் இன்னொரு கயிற்றைக் கையில் பிடிக்கவில்லை. அந்த வருஷம்தான் உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் தீவனப்புல் ஆராய்ச்சிப் பண்ணையில் புல் அறுக்கும் வேலைக்குப் போனாள்.

மாட்டை விட்டுவிட்டாள். ஆனால் மாடு வளர்த்த கை அவளிடம் அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தில் பசு வைத்திருக்கும் பெண்கள் புல்லை அப்படியே அள்ளிப் போடமாட்டார்கள். புல்லுக்கட்டை இடது கையில் பிடித்து, அடிப்பாகத்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி ஒழுங்குபடுத்துவார்கள். பிறகு வெட்டுக்கத்தியால் ஒரே போடு. முழம் நீளத்துக்கு அடித்தண்டு துண்டாகி விழும். அதைக் காலால் உரக்குழிப் பக்கம் தள்ளிவிட்டு, இலையும் இளந்தண்டும் உள்ள மேல்பாகத்தைத்தான் பசுவுக்குக் கொடுப்பார்கள். மரம்போல இறுகிய அடியைப் பசு தொடாது. அந்த அடிக்கு அங்கே மூடு என்று பெயர். "மூடோட வாரிப் போடுதா பாரு" என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், அவள் வாயில்லாத சீவனைப் பட்டினி போடுகிறவள் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாக, காலையும் மாலையும், ரத்னபாயின் கை அந்த ஒரே போட்டைப் போட்டு வந்தது.

பண்ணைக்குப் பிரசீதா வந்தது ரத்னபாய் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து. நெய்யாற்றின்கரைக்காரி. அப்பா இல்லை. அம்மா ஒரு ஜவுளிக்கடையில் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவள். எட்டு வகைத் தீவனப்புற்களில் எது அதிகம் விளைகிறது, எதில் சத்து அதிகம் என்று மூன்று வருஷம் பார்த்து, எழுதி, டாக்டர் பட்டம் வாங்க வந்திருந்தாள். முதல் நாளே பண்ணையின் சினைப் பசு ஒன்று தலையை ஆட்டியதைப் பார்த்து நாலடி பின்னால் குதித்தாள்.

"புல்லு படிக்க வந்த பிள்ளைக்கு மாட்டைக் கண்டா பேடியாக்கும்? நல்ல கதை!" என்று ரத்னபாய் சிரித்தாள்.

"நான் புல்லைத்தான் படிக்கேன் அக்கா. மாட்டைப் படிக்க வேற ஆளு உண்டு."

"புல்லு எதுக்கு மக்கா, மாட்டுக்குத்தானே? மாடு கடிக்காது. வா, தடவிப் பாரு."

பிரசீதா கண்ணை இறுக மூடிக்கொண்டு பசுவின் நெற்றியைத் தொட்டாள். அந்தக் கையைப் பிடித்திருந்தது ரத்னபாயின் கை. பெறாத வயிற்றுக்குள் ஏதோ ஒன்று அன்றைக்கு அசைந்தது என்று ரத்னபாய் பிற்பாடு சொல்லி அழுதாள்.

வேலை இப்படி நடக்கும். அறுபது நாளுக்கு ஒருமுறை எட்டுப் பாத்திகளையும் அறுப்பார்கள். அறுத்த புல் முழுவதையும் வாசல் பக்கத் தராசில் நிறுத்து பிரசீதா எழுதிக்கொள்வாள். பிறகு ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் இரண்டு கிலோ எடுத்து, துண்டுதுண்டாக வெட்டி, கலந்து, அதில் அரைக்கிலோவைக் காகித உறையில் போட்டு எண் எழுத வேண்டும். அந்த உறைகள் உலர்த்தும் அடுப்புக்குப் போகும், பொடியாகும், ஆய்வகத்தில் அதன் புரதமும் நாரும் கண்டுபிடிக்கப்படும். வெட்டும் கட்டை, தராசிலிருந்து தள்ளி, பலாமரத்து நிழலில் கிடந்தது. பிரசீதா தராசடியில். ரத்னபாய் பலாவடியில். இரண்டுக்கும் நடுவே நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடி என்ன செய்யும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

முதல் வருஷக் கணக்கிலேயே ஏழாம் பாத்திப் புல் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. எடையில் அதுதான் முதல். வழக்கமாக எடை கூடிய புல்லில் சத்து குறையும். இதில் சத்தும் முதல். நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் புரதம். மற்றவை ஒன்பதைத் தாண்டவில்லை. இரண்டாம் வருஷமும் அப்படியே. பண்ணைத் தலைவர் கருணாகரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"எனக்க சர்வீஸ்ல இப்படியொரு புல்லைக் கண்டதில்லை பிரசீதா. ரிட்டயர் ஆவதுக்கு முன்னே இதை ஜனங்களுக்குக் கொடுத்திரணும்."

மூன்றாம் வருஷ முடிவில் தேதி குறித்தார்கள். ஒரு சனிக்கிழமை. சுற்றுவட்டாரத்தில் பசு வைத்திருக்கும் இருநூறு குடும்பங்களுக்கு ஏழாம் நம்பர்ப் புல்லின் நடவுத் துண்டுகள் கொடுப்பது. கூடவே ஒரு துண்டுப் பிரசுரம்: அடிமுதல் நுனிவரை அனைத்தும் சத்து, எதையும் கழிக்க வேண்டாம், இயந்திரத்தில் நறுக்கிக் கொடுங்கள், பிண்ணாக்கைப் பாதியாகக் குறைக்கலாம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு எட்டு மாதம் முன்பே ஒரு சாக்கு நடவுத் துண்டு பண்ணையை விட்டு வெளியே போயிருந்தது. கொண்டு போனவள் ரத்னபாய். வெளியே கொடுக்கக்கூடாது என்று சட்டம் உண்டு. ஆனால் அடுத்த வீட்டு ஓமனா புருஷன் இல்லாதவள். இரண்டு பசுக்களின் பாலில்தான் அவள் அடுப்பு எரிந்தது. ரத்னபாயால் பொறுக்க முடியவில்லை.

"எடி ஓமனே, இது எங்க புல்லாக்கும். நாங்க உண்டாக்கினது" என்று சாக்கை இறக்கினாள். "இதுல மூடு கழிக்க வேண்டாம் கேட்டியா? அடியிலயும் சத்துதான். லேப்ல பாத்து எழுதி வச்சிருக்கு. பிண்ணாக்கையும் குறைச்சிரு."

"மூடு கழிக்க வேண்டாமா? ஒனக்கென்ன பிராந்து பிடிச்சுதா?"

"எனக்கு பிராந்துன்னா படிச்ச பிள்ளைக்குமா பிராந்து? மெஷின்ல போட்டு நறுக்கிக் கொடு. தின்னும்."

ஓமனா இருபது சென்ட் பழைய புல்லைத் தோண்டி எறிந்துவிட்டு ஏழாம் நம்பரை நட்டாள்.

துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆராதனை முடிந்து ரத்னபாய் வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. முற்றத்தில் பொதுக்கென்று ஒரு கூடை கவிழ்ந்தது. நறுக்கின தண்டுகள். மூங்கில் சில்லுபோல வெளுத்து, காய்ந்து, வாய்படாமல் கிடந்தன. கூடையைக் கவிழ்த்தவள் ஓமனா. அவள் முகம் வீங்கியிருந்தது.

"இதாக்கும் ஒனக்க ஆராய்ச்சி! பாரு! கண்ணு நிறைய பாரு!"

"என்னடி ஆச்சு?"

"கன்னு செத்துப்போச்சு. மூணு நாளு எழும்பி நிக்க முடியாம கிடந்து செத்துப்போச்சு. தள்ளைப் பசுவுக்கு முதுகெலும்பு எண்ணலாம். பாலு பாதி இல்ல. சொசைட்டியில ஊத்துனா கொழுப்பு இல்லைன்னு திருப்பி விடுதான். டாக்டரு வந்து கேக்காரு, பசுவை பட்டினி போட்டியான்னு. நானா? நானா எனக்க பசுவைப் பட்டினி போட்டேன்?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவளின் பின்னால் ரத்னபாய் ஓடினாள். தொழுவத்தில் சிவப்புப் பசு விலா எலும்பு தெரிய நின்றுகொண்டிருந்தது. தொட்டி நிறைய நறுக்கிய புல். இலைத் துண்டுகளை மட்டும் நாக்கால் பொறுக்கித் தின்றுவிட்டு, மிச்சத்தை மூச்சுக்காற்றால் ஒதுக்கித் தள்ளியிருந்தது. கன்று கட்டியிருந்த இடத்தில் கயிறு மட்டும் கிடந்தது. பசு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரத்னபாய் ஒரு பிடி தண்டை அள்ளினாள்.

"இம்புட்டு தண்டா? மூடு கழிக்கலியா நீ?"

"நீதானே சொன்னே, கழிக்க வேண்டாம்னு!"

"இல்லடி, நான் கழிப்பேனே..."

சொல்லிவிட்டு நின்றாள். நான் கழிப்பேனே. எங்கே கழிப்பாள்? அவளுக்குத்தான் இப்போது பசு இல்லையே! பலாமரத்து நிழலில், வெட்டும் கட்டைக்குப் பக்கத்தில், ஏழாம் பாத்திக் கட்டைக் கையில் எடுத்ததும் ஒரு தட்டு, ஒரு போடு, காலால் ஒரு தள்ளு. மற்றப் புற்கள் மெல்லிய தண்டுடையவை. அவற்றில் கழிக்க எதுவும் இருந்ததில்லை. ஏழு மட்டும்தான் தடிமன். ஒவ்வொரு முறையும் ஏழாம் எண் எழுதின உறைக்குள் அவள் போட்டது பசுவுக்குப் போடுகிற மேல்பாகம். ஆய்வகம் கண்ட பன்னிரண்டு, புல்லின் பன்னிரண்டு அல்ல. அவள் கையின் பன்னிரண்டு. அந்த எண்ணை நம்பித்தான் அவளே ஓமனாவிடம் "மூடு கழிக்காதே" என்று சொன்னாள்.

கையிலிருந்த தண்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

வீட்டில் நேசையனிடம் சொன்னாள். அவர் ரப்பர்ப் பால் வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நீ இப்ப கொலையா செய்துபோட்ட? புல்லு வெட்டுனே. கொஞ்சம் மேல வெட்டுனே. இதுக்கு எதுக்கு மூக்கைச் சிந்துத?"

"இருநூறு வீட்டுக்குக் கொடுக்கப் போறாவ."

"கொடுக்கட்டு. எவனாவது மூடு கழிக்காம போடுவானா?"

"ஓமனா போட்டாளே. படிச்சவங்க எழுதினா எல்லாரும் போடுவாவ. நானே நம்பினேனே."

வாளியைக் கீழே வைத்தார் நேசையன். குரல் இறங்கியது. "எடீ, அந்தப் பிள்ளைக்க படிப்பு என்னாவும்? அடுத்த மாசம் ஆராய்ச்சிப் புத்தகம் கொடுக்கணும்னு நீதானே சொன்னே. அதுக்க அம்மைக்குக் கால் வயிய்யா, கடையில நிக்க முடியல. நீ வாயைத் திறந்தா அந்தப் பிள்ளைக்க மூணு வருஷம் போச்சு. ஒனக்க வேலையும் போச்சு."

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பெறாமல் பெற்ற மகள். மறுபக்கம் முகம் தெரியாத இருநூறு தொழுவங்கள். கர்த்தாவே, இந்த இரண்டில் எதை நான் பலி கொடுக்க!

திங்கட்கிழமை ஏழாம் பாத்தியின் ஓரத்து வரிசைகளை அறுக்கிற நாள். ரத்னபாய் பலாவடியில் உட்கார்ந்து ஒரே புல்லுக்கட்டை இரண்டாகப் பிரித்தாள். ஒன்றைத் தன் கை போகிற போக்கில் வெட்டினாள். மற்றதை வெட்டும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தனை அவசரமாக அது தண்டைக் கழிக்கப் பார்த்தது. அடிமுதல் நுனிவரை, ஒரு துண்டு விடாமல், நறுக்கிக் கலந்தாள். இரண்டு உறைகளிலும் ஏழு என்று எழுதி, ஒன்றின் மேல் மட்டும் ஒரு சிலுவைக் குறி போட்டாள்.

பிரசீதா நெற்றியைச் சுருக்கினாள். "ஏழு எதுக்கக்கா ரெண்டு?"

"ரெண்டையும் பாரு மக்கா. ஒண்ணையும் விடாம பாரு."

"எதுக்குன்னு சொல்லுங்க."

"பாத்துட்டுக் கேளு."

பிரசீதா சிரித்தாள். "அக்காவும் பி.எச்.டி. செய்யப் போறியளா?" ரத்னபாயால் சிரிக்க முடியவில்லை.

நான்கு நாட்கள். ரத்னபாய் அந்த நான்கு நாளும் பாத்திகளில் களை பிடுங்கினாள். ஆய்வகக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் முதுகை வளைத்து மண்ணைப் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கதவு திறந்து பிரசீதா ஒரு தாளுடன் வந்தாள். செருப்புப் போட மறந்திருந்தாள்.

"ஒண்ணு பன்னிரண்டு புள்ளி நாலு. சிலுவை போட்டது ஏழு புள்ளி ஆறு. ரெண்டு தடவை பாத்துட்டேன். இது ரெண்டும் ஒரே புல்லா அக்கா?"

"ஒரே பாத்தி. ஒரே கட்டு."

"பின்னே எப்படி?"

ரத்னபாய் எழுந்து போய் ஏழாம் பாத்தியில் ஒரு கட்டு அறுத்தாள். பலாவடிக்குக் கொண்டு வந்தாள். இடது கையில் பிடித்தாள். தரையில் ஒரு தட்டு. ஒரு போடு. விழுந்த தண்டைக் காலால் தள்ளினாள்.

"இப்படியாக்கும் மக்கா."

தண்டு உருண்டு போய் நின்ற இடத்தையே பிரசீதா பார்த்தாள். அங்கே பழைய தண்டுகள் மக்கிக் கிடந்தன. இன்றுவரை அவை அங்கேதான் கிடந்தன, அத்தனை பேர் கண்முன்னால்.

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்."

பிரசீதா முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே உடைந்தது. வெட்டும் கட்டையின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பதினெட்டு அறுப்பு அக்கா. பதினெட்டு! எனக்க அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா, மகளு டாக்டராவப் போறான்னு." சட்டென்று தலை நிமிர்ந்தது, கண்கள் எரிந்தன. "எதுக்கு இப்பச் சொன்னீங்க? ஒரு மாசம் கழிச்சுச் சொல்லியிருக்கலாமே! சொல்லாமலே இருந்திருக்கலாமே! யாருக்குத் தெரியப் போகுது?"

"அடுத்த வீட்டு ஓமனாவுக்கு நம்ம புல்லை நான் கொண்டு கொடுத்தேன் மக்கா. அவளுக்க பசுவைப் பாத்தேன். செத்த கன்னுக்க கயிறைப் பாத்தேன். இன்னும் இருநூறு வீட்டுல போயி அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

ரத்னபாய் அவள் தோளைத் தொடப் போனாள். பிரசீதா தோளை விலக்கிக்கொண்டாள். அந்த விலகல், வெட்டுக்கத்தி தவறிக் காலில் விழுந்ததுபோல இருந்தது அவளுக்கு.

பிறகு பிரசீதா எழுந்து முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். தாளை மடித்தாள். கருணாகரன் சாரின் அறையை நோக்கி நடந்தாள். ரத்னபாய் நாலடி பின்னால் நடந்தாள்.

கருணாகரன் சார் முழுவதையும் கேட்டார். மேசையில் துண்டுப் பிரசுரக் கட்டுகள் அவிழ்க்கப்படாமல் இருந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி. பந்தல் போட்டாகிவிட்டது.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"நம்ம மூணு பேருக்குத்தான் சார்" என்றாள் பிரசீதா.

அவர் ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தார். ஓய்வு பெற அவருக்கு நான்கு மாதம் இருந்தது. அந்தப் பார்வை எத்தனை நேரம் நீண்டது என்று ரத்னபாய்க்குத் தெரியாது. பிறகு அவர் ஃபோனை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாக அழைத்து, "நாளைக்குப் பரிபாடி இல்லை" என்று நிகழ்ச்சியை நிறுத்தினார். காரணம் கேட்டவர்களிடம், "புல்லுல பிழை இல்லை. எங்க கணக்குல பிழை" என்றார். கடைசி அழைப்பு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முகம் பத்து வருஷம் மூத்துப்போயிருந்தது.

"ரத்னம், நீ வந்து சொன்னது பெரிய காரியம். ஆனா நடவுத் துண்டை வெளியே கொண்டு போனது... அதை நான் எழுதாம இருக்க முடியாது."

"எழுதுங்க சார்."

"வேலையில வைக்க முடியாம போகும்."

"தெரியும் சார்."

அன்று நாலு மணிக்கு அவள் அரிவாளையும் வெட்டுக்கத்தியையும் ஸ்டோரில் ஒப்படைத்தாள். வாசலில் தராசடியில் பிரசீதா நின்றாள். ரத்னபாய் ஒரு வார்த்தைக்காக நின்றாள். பிரசீதா தராசின் முள்ளைப் பார்த்தபடியே இருந்தாள். ரத்னபாய் பேருந்துக்குப் போனாள்.

அடுத்த வாரம் முழுவதும் ஓமனாவின் நிலத்தில் ஏழாம் நம்பர்ப் புல்லைத் தோண்டினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. முதல் நாள் ஓமனா வேலியடியில் நின்று பார்த்துவிட்டு, "இனி என்னத்தத் தோண்டி எடுக்கப் போற? எனக்க கன்னையா?" என்று கேட்டாள். ரத்னபாய் மண்வெட்டியை நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் ஓமனா ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் அவளும் ஒரு மண்வெட்டியுடன் நிலத்தின் மறுகோடியில் இறங்கினாள். பழைய புல்லின் வேர்த்துண்டுகளை இரண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டே நட்டார்கள். சிவப்புப் பசு தேறியது. ஆனால் அவர்களுக்குள் பழைய பேச்சு திரும்பவில்லை. இன்றும் இல்லை.

பிரசீதாவுக்கு ஒன்றரை வருஷம் நீட்டித்துக் கொடுத்தார்கள். உதவித்தொகை இல்லாமல். மாலையில் நெய்யாற்றின்கரையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, பகலில் பண்ணைக்கு வந்தாள் என்று ரத்னபாய் கேள்விப்பட்டாள். தராசைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பலாவடியிலேயே வைத்துவிட்டாளாம். எட்டுப் பாத்தியையும் தானே வெட்டுகிறாளாம். கை முழுக்கக் கீறலாம். இதையெல்லாம் சொன்னவர்கள் பண்ணையில் கூட வேலை செய்த பெண்கள். கேட்டுவிட்டு ரத்னபாய் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, போன மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் செம்மண் பாதையில் பிரசீதா இறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள். உள்ளங்கைகள் காய்த்திருந்தன. தோள்பையில் தடிமனான ஒரு கட்டுத் தாள்.

"உள்ள வா மக்கா" என்றாள் ரத்னபாய்.

பிரசீதா உட்கார்ந்தாள். பையிலிருந்து கட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டினாள். "நாளைக்கழிச்சு பைண்டிங்குக்குக் கொடுக்கணும். அதுக்கு முன்னே உங்களுக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டணும்னு வந்தேன்."

"ஏழு என்னாச்சு?" ரத்னபாய் முதலில் கேட்டது அதுதான்.

"சத்துல, எட்டுல ஆறாவது."

ரத்னபாய் தலையை அசைத்தாள்.

பிரசீதா ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "முதல் பதினெட்டு அறுவடைகளிலும் ஏழாம் வகையின் மாதிரிகள், அடித்தண்டு நீக்கப்பட்ட நிலையில் எடுக்கப்பட்டன. மாதிரி எடுக்கும்போது ஆய்வாளர் அருகில் நின்று கவனிக்கவில்லை. ஆகவே அந்த எண்கள் அனைத்தும் விலக்கப்பட்டன."

ரத்னபாய் காத்திருந்தாள். "பின்னே?"

"அவ்வளவுதான்."

"எனக்க பேரு எங்க?"

"உங்க பேரு இதுல இல்லக்கா."

"போடு மக்கா. வெட்டுனது நானாக்கும். ஒனக்க மேல எதுக்குப் பழி?"

"நீங்க பசு வளர்த்தவங்க. உங்க கை அப்படித்தான் வெட்டும். அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கிட்ட வந்து நின்னு பாத்திருக்கணும். நாற்பது அடி நடக்காதது நான்."

"இல்ல மக்கா, கேளு..."

"அக்கா." பிரசீதா அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கத்திப்பிடி அழுத்தி அழுத்திக் கறுத்த அந்த உள்ளங்கையைத் தன் காய்த்த உள்ளங்கையால் மூடினாள். "ஒன்றரை வருஷமா ஒரு வார்த்தை நான் உங்ககிட்ட வந்து பேசல. அதை எந்தப் பக்கத்துல எழுத?"

ரத்னபாய் அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். பைண்டு செய்யாத தாள்கள் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தன. அப்போதுதான் உள்ளே வந்த நேசையன், எண்களும் கட்டங்களுமாகச் சிதறிக் கிடந்த பக்கங்களைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எது முன்னால், எது பின்னால் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் அழுது முடிக்கட்டும் என்று வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.